அந்த மூடியை மிதித்தது யார்?

என் அன்பு மச்சான் தவத்துக்கு,

நீ இறந்த முப்பத்தோராம் நாள் காரியத்தைப் போன மாதம் செய்து முடித்தோம். பியர்பொன்ட்ஸில் உங்கள் வீட்டு வாசலில் சப்பாத்துகள் நிறைந்து கிடந்தன. பனி கரைகிற காலம், எல்லோருடைய சப்பாத்திலும் சேறு. நீ இருந்திருந்தால் வாசலிலேயே நின்று, வருகிறவர்களிடம் கால் துடைக்கச் சொல்லிக்கொண்டிருப்பாய். யாரும் சொல்லவில்லை. வீடு முழுக்கச் சேறாகிவிட்டது.

ஐயர் போய், சொந்தக்காரரும் போன பிறகு நான் நிலவறையில் உன் கதிரைக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். உன் கதிரையில் இருக்க இன்னும் மனம் வரவில்லை. மேலே உன் மகள் அபி தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டது. வசந்தி தேநீர் கொண்டுவந்து தந்துவிட்டு, போகாமல் நின்றாள். என் தங்கை என்றாலும், அவள் அப்படி என் முன்னால் தயங்கி நின்றதை நான் கண்டதில்லை.

"அண்ணை, ஒண்டு கேப்பன். மறைக்காமல் சொல்லுவியளோ?"

"கேள்."

"அவர் உங்களுக்கு என்ன செய்தவர்?"

எனக்கு விளங்கவில்லை. அவள் படியில் குந்திக்கொண்டு சொன்னாள். ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை நீ அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாயாம்: "கொண்ணையிட்ட நான் மன்னிப்புக் கேட்டனான் எண்டு சொல்லு. அண்டைக்குப் பிழை விட்டது நான்தான். அந்த மூடி விசயம்."

"என்ன மூடி எண்டு கேட்டன். கண்ணை மூடிட்டார். மருந்து மயக்கத்தில கதைக்கிறார் எண்டுதான் நினைச்சன். ரெண்டு நாள் கழிச்சும் அதையே சொன்னவர்." படியில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டினாள். "காணி விசயமோ, எங்கட கலியாண விசயமோ எண்டு ஒரு மாசமா மண்டையைப் போட்டு உடைக்கிறன். சட்டிபானை மூடியோ எண்டுகூட யோசிச்சன், அண்ணை."

அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழத் தொடங்கிவிட்டாள்.

நான் தேநீரைக் கீழே வைத்தேன். தவம், நீ எதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டாய்? முப்பத்தைந்து வருடமாக உன்னிடம் மன்னிப்புக் கேட்க வழி தெரியாமல் இருந்தவன் நான் அல்லவா?

உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் அன்று வசந்திக்கு எப்படிச் சொன்னேனோ அப்படியே இங்கே எழுதுகிறேன். எங்கே பிழை என்று நீதான் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருவரும் கனடாவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத காலம். மொன்ட்ரியால்-நோரில் ஐந்து பேர் இருந்த வீட்டில் உனக்கும் எனக்கும் ஒரே மெத்தை. அகதிக் கோரிக்கை முடியவில்லை, வேலை செய்ய அனுமதியும் இல்லை. துப்புரவு வேலை எடுத்துச் செய்கிற ஒருவர் மெட்ரோ வாசலுக்கு வான் வண்டியில் வருவார். பேப்பர் கேட்க மாட்டார். அந்த ஞாயிறு எங்களை ஆற்றின் நடுவே இருக்கிற தீவுக்குக் கொண்டுபோனார். அங்கே கார் ஓட்டம்.

ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதத்தில் அங்கே ஊரே திரளுகிற பெரிய கார் ஓட்டம் இல்லை அது. இலைகள் நிறம் மாறத் தொடங்கியிருந்தன. கடையில் விற்கிற எந்தக் காரைப் போலவும் இல்லாத கார்கள் வரிசையாக நின்றன. இந்த ஓட்டத்துக்கென்றே செய்த புரோட்டோடைப் கார்கள் என்று பிறகுதான் அறிந்தோம். கூரை இருந்தது, சக்கரங்கள் உடலுக்குள் பாதி மறைந்திருந்தன, உயரம் என் இடுப்பளவு. நீ ஒன்றைப் பார்த்துவிட்டு, "மச்சான், திருக்கை மீன் மாதிரிக் கிடக்கு" என்றாய். ஒரு காருக்கு இரண்டு சாரதிகள், மாறி மாறி ஓட்ட வேண்டும். கிட்டத்தட்ட ஐந்நூறு கிலோமீட்டர். வேகம் மட்டும் போதாது, கடைசிவரை காரும் தாங்க வேண்டும், ஆளும் தாங்க வேண்டும்.

காலையில் எங்களுக்குத் தந்த வேலை, ஓட்டப் பாதையில் கிடந்த கல்லையும் இலையையும் கூட்டுவது. பாதையின் நடுவில் ஆங்காங்கே இரும்பு மூடிகள் இருந்தன, கீழே மழைநீர் ஓடுகிற குழிகளுக்கு மேல் போட்டிருக்குமே, அந்த வட்ட மூடிகள். நீ கூட்டிக்கொண்டே போய் ஒன்றை மிதித்தாய். கடக் என்று ஒரு சத்தம். திரும்ப மிதித்தாய். திரும்பவும் கடக்.

"மச்சான், இது ஆடுது. போய்ச் சொல்லுவமே?" என்றாய்.

நான்தான், "வாயை மூடிக்கொண்டு வா. நாங்கள் ஆரெண்டு கேட்டால் என்ன சொல்லுவாய்? பேப்பரைக் காட்டச் சொன்னால் என்னத்தைக் காட்டுவாய்?" என்றேன். நீ விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாய்.

பிற்பகலில் நாங்கள் வேலிக்குப் பின்னால் குப்பைப் பை கட்டிக்கொண்டிருந்தோம். ஓட்டம் பாதிக்கு மேல் போயிருந்தது. ஒரு வெடிச் சத்தம். பிறகு மரங்களுக்கு மேலாகக் கறுத்தப் புகை. ஒவ்வொரு காராகச் சத்தம் அடங்கி, கடைசியில் தீவு முழுவதும் அமைதியாகிவிட்டது. அந்த அமைதி எனக்கு வெடியைவிடப் பயமாக இருந்தது. எரிந்த காரின் சாரதி தீக்குள்ளிருந்து இறங்கி நடந்து வந்தார் என்று யாரோ சொன்னார்கள். ஓட்டத்தை அத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

எங்களைச் சுற்றி நின்ற சனம் பிரெஞ்சில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது. கூவெர்க்ள், கூவெர்க்ள். நீ அப்போது பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாய். "என்னவாம்?" என்று கேட்டேன். "எனக்கு விளங்கேல்லை" என்றாய். மெட்ரோவில் வரும்போது நீ இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு வந்தாய். குளிர் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சமையல்காரர் கையை நீட்டி, "கூவெர்க்ள், கூவெர்க்ள்" என்று அவசரமாகக் கேட்டார். நான் விழித்தேன். அவரே எட்டி ஒரு சட்டியின் மூடியை எடுத்துக்கொண்டு போனார். நான் தண்ணீர்க் குழாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டேன். முன்னால் போன கார் அந்த இரும்பு மூடியை உறிஞ்சிப் பிடுங்கிவிட்டதாம், பின்னால் வந்த கார் அதில் மோதித் தீப்பிடித்ததாம். அதையும் அங்கே வேலை செய்த தமிழர் ஒருவரிடம் கேட்டு அறிந்துகொண்டேன். ஓடும்போது தெருவோடு ஒட்டிப் பிடிக்கிற மாதிரி அந்தக் கார்களின் அடிப்பகுதியைச் செய்திருந்தார்களாம்.

அன்று முதல் நான் நம்பியது இதுதான். நீ அன்றைக்கே எல்லாம் விளங்கிக்கொண்டாய். உன் வாயை மூடியவன் நான் என்பதால் என்னை உள்ளுக்குள் வெறுக்கிறாய். ஒவ்வொரு ஜூனிலும் தொலைக்காட்சியில் கார் ஓட்டம் வந்தால் நீ எழுந்துபோய் நிறுத்துவாய். அது எனக்கான தண்டனை என்று பேசாமல் இருந்தேன்.

இவ்வளவையும் வசந்தி கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் குழம்பிப் போயிருந்தாள்.

"அவர் அப்பிடிச் சொல்லேல்லையே, அண்ணை."

"எப்ப சொன்னவன்?"

"கலியாணம் முடிச்ச முதல் வருசம். டிவியை ஏன் நிப்பாட்டினீங்கள் எண்டு கேட்டன். ஒரு காலத்தில ஒருத்தன்ர வாயை மூடிப்போட்டன் எண்டார். அவன்தான் மிதிச்சவனாம், ஆடுது எண்டவனாம், போய்ச் சொல்லுவம் எண்டு வெளிக்கிட்டவனாம். இவர்தான் கையைப் பிடிச்சு இழுத்தவராம். அடுத்த கிழமை எனக்குக் கேஸ், கெடுத்துப்போடாதை எண்டு சொன்னவராம்." மூச்சு வாங்கினாள். "ஆரவன் எண்டு சொல்லேல்லை. எங்க நடந்தது, எதை மிதிச்சதெண்டும் சொல்லேல்லை. நானும் பேந்து கேக்கேல்லை."

தவம், உனக்கு அடுத்த கிழமை அகதி விசாரணை இருந்தது உண்மை. எனக்கு அது அடுத்த வருடம்தான் வந்தது. பயப்படுவதற்கு என்னைவிட உனக்குத்தான் காரணம் இருந்தது. அப்படிப் பார்த்தால் நீ சொன்னதுதான் சரியாக வருகிறது. ஆனால் "வாயை மூடிக்கொண்டு வா" என்ற சொல் என் வாயிலிருந்து வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் தினமும் நினைத்ததால் ஞாபகமாகிவிட்டதா? அந்தக் கடக் என்ற சத்தம் காதில் இருக்கிறது. காலில் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. வசந்தி சொன்ன பிறகு யாரோ என் இடது கையைப் பிடித்து இழுத்தது போலவும் இருக்கிறது. அது அன்றைக்கு நடந்ததா, இன்றைக்கு முளைத்ததா?

வசந்திக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"முப்பத்தைஞ்சு வருசம் ஒரே மேசையில இருந்து சாப்பிட்டியள். ஒருக்கா வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே? ரெண்டு பேருக்கும் என்ன பிடிச்சது?"

இதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா?

நான் வசந்தியை உனக்குக் கட்டித் தருவதாகச் சொன்ன நாளை நினைத்துப் பார்க்கிறேன். நீ மூன்று தரம் கேட்டாய், "உனக்கு உண்மையாச் சம்மதமோ? என்னைப் பற்றி நல்லா யோசிச்சுச் சொல்லு" என்று. மாப்பிள்ளை வெட்கப்படுகிறான் என்று சிரித்தேன். நீ வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தாய் போலிருக்கிறது. நான் உனக்கு என் தங்கையைத் தந்ததிலும், செய்த பிழைக்கு ஈடு செய்கிற எண்ணம் கொஞ்சம் இருந்தது. இதை வசந்திக்குச் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்தால் அறிந்துகொள்வாள். அவளுக்கு நீ நல்ல கணவனாக இருந்தாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அடுத்த நாள் அபி, வசந்தி சொல்லி எல்லாம் அறிந்து, தன் கைத்தொலைபேசியில் தேடி, அந்த ஓட்டத்தின் பழைய வீடியோ ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். அவள் உன்னைப் போலத்தான், ஒன்றைத் தொடங்கினால் விடமாட்டாள். தொலைக்காட்சியில் போட்டாள். மூன்று பேரும் இருந்து பார்த்தோம். படம் மங்கல், வர்ணனை பிரெஞ்சு. அந்தத் திருக்கைகள் சீறிக்கொண்டு போவதைப் பார்த்து நான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன். புகை எழுந்ததும் அபி படத்தை நிறுத்தினாள்.

"மாமா, நீங்கள் ரெண்டு பேரும் கூட்டின இடம் இதுவோ?"

"ஓம்" என்றேன்.

அவள் கொஞ்சம் பின்னால் ஓடவிட்டாள். பாதைக்குப் பக்கத்தில், படகு ஓட்டுகிற நீண்ட தடாகம் தெரிந்தது. நாங்கள் கூட்டிய இடத்தில் தண்ணீர் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. மரங்களும் ஒரு சிறு பாலமும்தான் இருந்தன.

"இல்லைப் பிள்ளை. இது இல்லை."

"ஷூர்?"

"தெரியேல்லை."

அபி உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "அப்ப நீங்கள் மிதிச்சது வேற மூடியோ? கழண்டது வேற மூடியோ?"

அந்தக் கேள்வி இத்தனை வருடத்தில் ஒருநாளும் எனக்கு வரவில்லை. உனக்கு வந்ததா, தவம்? அந்தப் பாதையில் எத்தனையோ மூடிகள் இருந்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் ஒரு சம்பந்தமும் இல்லாத மூடியை நெஞ்சில் சுமந்துகொண்டு திரிந்தோமா?

அதற்கடுத்த ஞாயிறு தீவுக்குப் போனோம். போக வேண்டும் என்றது வசந்தி. மெட்ரோ மஞ்சள் கோட்டில் ஏறி ஒரே தரிப்பு. வெளியே வந்ததும் ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தது. வசந்தி உன் பழைய நீலக் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள், கை நீளம் அவளுக்குப் பெரிது. ஓட்டம் இல்லாத நாட்களில் அந்தப் பாதையைச் சனத்துக்கு விட்டிருப்பார்கள். சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாக எங்களைக் கடந்து போனார்கள். நாங்கள் மூன்று பேரும் ஓரமாக நடந்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு மூடியையும் மிதித்துப் பார்த்தோம். ஒன்றும் ஆடவில்லை.

நான் ஓரிடத்தில் நின்று, "இஞ்சதான்" என்றேன். பத்து நிமிடம் நடந்த பிறகு இன்னொரு வளைவில், "இல்லை, இது" என்றேன். மூன்றாம் இடத்தில் வசந்தி என்னைப் பார்த்த பார்வையில், வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். பாலம் என்று நினைத்தது பாலம் இல்லை. மரங்கள் இருந்தன, ஆனால் முப்பத்தைந்து வருடத்தில் மரமும் வளரும், வெட்டவும் படும்.

பூங்காவில் வேலை செய்கிற ஒரு பெரியவர் குப்பைத் தொட்டியில் பை மாற்றிக்கொண்டிருந்தார். அபி அவரிடம் "பொன்ஜூர்" சொல்லிக் கதைக்கத் தொடங்கினாள். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, கையை விரித்து, தடாகத்தைக் காட்டி, வானத்தைக் காட்டி, நீண்ட நேரம் விளக்கினார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"தெரியாதாம், மாமா."

"இவ்வளவு நேரம் கதைச்சது தெரியாது எண்டுதானோ?"

அபி சிரித்துவிட்டாள். "அந்த ஓட்டம் அவருக்கு ஞாபகமாம். பாதையைப் பேந்து எத்தினையோ தரம் புதுசாப் போட்டதாம், அந்தக் காலத்து மூடியள் இப்ப இருக்காதாம். ஆடுற மூடிதான் கழரும் எண்டும் இல்லையாம். இறுக்கமா இருந்ததைக்கூட அந்தக் கார் இழுத்திருக்குமாம். அவர் அப்பிடி நினைக்கிறாராம். நிச்சயமாச் சொல்லத் தெரியாதாம்."

நான் புல்லில் இருந்துவிட்டேன். கால் வலித்தது. மனதுக்குள் ஆறுதல் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. குற்றம் எங்களுடையது இல்லை என்றால் ஏன் எனக்கு ஏமாற்றமாக இருக்க வேண்டும்? உனக்கும் எனக்கும் இடையில் இருந்த ஒரே இரகசியம் அதுதான். அதுவும் இல்லை என்றால் எங்களிடம் என்ன மிச்சம் என்று ஒரு கணம் தோன்றியது. பைத்தியக்கார எண்ணம்தான், ஆனாலும் தோன்றியதைச் சொல்கிறேன்.

வசந்தி எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணை, நான் இஞ்ச மூடி பாக்க வரேல்லை. அவர் உங்களிட்ட மன்னிப்புக் கேட்டவர். நான் அதைச் சொல்லிப்போட்டன். நீங்கள் பதில் சொல்லேல்லை."

"அவன் பிழை விடேல்லை, வசந்தி. விட்டது நான். நான் மன்னிச்சன் எண்டு சொன்னால், பிழை அவனில எண்டு ஆகிடுமே?"

"எது உண்மையெண்டு நான் கேக்கேல்லை." அவளுடைய குரல் உடைந்தது. "அந்த மனுசன் சாகிற நேரத்தில ஒண்டு கேட்டது. அதுக்கு ஒரு பதில் வேணும். எனக்கு வேணும்."

அவள் உன் சட்டையின் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டு நின்றாள். ஒரு மாதத்துக்கு மேலாக அவள் சரியாக நித்திரை கொள்ளவில்லை என்று அபி எனக்குச் சொல்லியிருந்தாள். நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாது, இருந்தபடி சொல்லக்கூடாது என்று பட்டது.

"தவம், மன்னிச்சிட்டன்" என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். ஒரு சைக்கிள்காரர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, "மெர்சி" என்று நன்றி சொல்லிக்கொண்டு போனார். அபி வாயைப் பொத்திக்கொண்டாள். வசந்தி சிரிக்கவில்லை. நல்ல நீண்ட மூச்சொன்று விட்டாள், பிறகு சொன்னாள்:

"அவர் உங்களை வெறுத்தவர் எண்டு சொன்னீங்களே. ஒருநாளும் இல்லை, அண்ணை. நீங்கள் வாற நாளில மத்தியானமே யன்னலுக்குக் கிட்டப் போய் இருந்திடுவார்."

அதைக் கேட்ட பிறகு நான் திரும்பி நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர்கள் என்னை அவசரப்படுத்தவில்லை.

வீட்டுச் சேதியும் சொல்ல வேண்டும். வசந்தி இப்போது நன்றாக நித்திரை கொள்கிறாளாம். அபி உன்னுடைய காரை எடுத்து ஓட்டுகிறாள், நீ பயந்ததுபோல அவ்வளவு மோசமில்லை. நான் இன்னும் குழம்பித்தான் இருக்கிறேன். சில நாள் காலையில் எழும்பும்போது மிதித்தது நீ. பல்லுத் தீட்டி முடிப்பதற்குள் அது நானாகிவிடுகிறது. இது இனித் தெளியும் என்று நான் நினைக்கவில்லை. தெளிய வைக்கக்கூடிய ஒரே ஆள் நீ, உன்னிடம் கேட்க இருந்த காலம் முழுவதும் நான் கேட்கவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அன்று தீக்குள்ளிருந்து நடந்து வந்த சாரதி இன்னும் இருக்கிறாரா என்று தெரியாது. இருந்தால் நல்ல வயதாகியிருக்கும். அவரைத் தேடி ஒரு கடிதம் எழுதப்போகிறேன். அபி பிரெஞ்சில் மாற்றித் தருவதாகவும், ஆள் எங்கே என்று பார்ப்பதாகவும் சொல்லியிருக்கிறாள். அன்று காலை பாதையைக் கூட்டியவர்கள் இரண்டு பேர், ஒருவனுக்கு மூடி ஆடுவது தெரிந்தது, மற்றவன் சொல்ல வேண்டாம் என்றான், எவன் எவன் என்று எங்களுக்கே இப்போது தெரியாது, உங்கள் வழியில் கிடந்தது அந்த மூடிதானா என்பதும் தெரியாது, ஆனால் நாங்கள் பேசாமல் இருந்தது உண்மை என்று எழுதுவேன்.

"கீழ ஆரின்ர பேரைப் போடுறது, மாமா?" என்று அபி கேட்டாள்.

"ரெண்டு பேற்றையும் போடு" என்றேன்.

அவள் பென்சிலை எடுத்து முதலில் என் பெயரைப் போட்டாள். பிறகு உன் பெயரை என் பெயருக்குப் பக்கத்தில் எழுதினாள். இந்தக் கோடை முடிவதற்குள் அது தபாலில் போகும், மச்சான். நான் கொண்டுபோய்ப் போடுவேன்.

உன் வசந்தியின் அண்ணனும்
உனக்கு என்றும் மச்சானுமான
பாலன்